வாசல் வைக்காமல் வீட்டுக்குள் போவது

மாத்தளை வீட்டில் சாமி அறைக்குப் பக்கத்து மேசையில் ஒரு பழைய மடிக்கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. திரை உடைந்தது, விசைப்பலகையில் பாதி எழுத்து விழாது. அதில் ஜெல்லிஃபின் என்ற, வீட்டுப் படமும் பாட்டும் ஓட்டும் மென்பொருள் இருக்கிறது. அப்பா வானொலியிலிருந்து பதிந்து வைத்த கெசட்டுகள் நாற்பது சொச்சம், முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத்துக்கு ஐந்து தேரும் வீதி வந்ததை மாமா எடுத்த விஎச்எஸ் நாடாக்கள், யார் யாருடையவோ கலியாண வீடியோக்கள் எல்லாம் அதன் வட்டில் ஏறியிருக்கின்றன. நான் இருப்பது கிம்பிஸ்ஸவில், ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில். ஜன்னலைத் திறந்தால் சீகிரியாக் குன்று. நாவுல, தம்புள்ளை, இனாமலுவைச் சந்தி என்று பஸ் மாறி வந்தால் வீட்டிலிருந்து 60 கிலோமீட்டர் சொச்சம். இரவுப் பணியில் அந்தக் கெசட்டுகளில் ஒன்றைக் கேட்க வேண்டும் என்ற ஆசைதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்து விட்டது.

வீட்டுப் பெட்டியை வெளியிலிருந்து எட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அது பத்து நிமிட வேலை: ரவுட்டரில் போர்ட் என்னும் ஒரு வாசலைத் திறந்துவிட்டால் முடிந்தது. மறு கட்சிக்கு அது தொடவே கூடாத நெருப்பு. இருவரும் அதைப் பொருத்துகிற ஒரு மாலைப்பொழுதைப் பற்றியே பேசுகிறார்கள். அதன் பிறகு வரும் ஆண்டுகளில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கப்போவது யார் என்று இருவரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அது அம்மா. அம்மாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பொத்தான். அதுவும் கரண்ட் வந்த பிறகு நான் போனில் சொன்னால்தான் அமுக்குவார். எந்த வழி நல்லது, எது கெட்டது என்று நான் எடை போடுவது இந்தத் தராசில்தான்.

முதலில் நானும் பத்து நிமிடக் கட்சிதான். அப்போது வீட்டில் கம்பி இணைப்பு. ரவுட்டருக்கு வெளியுலகம் பார்க்கக்கூடிய சொந்த ஐபி முகவரி இருந்தது. ஒரு டொமைன் பெயர் வாங்கினேன். முன்னால் காவலுக்குக் கேடி என்ற மென்பொருளை வைத்தேன் (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நல்ல பிள்ளை). அது தானாகவே லெட்ஸ் என்கிரிப்டிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டது. ரவுட்டரில் 443ஆம் போர்ட்டுக்கு வரும் அழைப்பை மடிக்கணினிக்கு அனுப்பச் சொல்லி ஒரு வரி. அன்றிரவே கிம்பிஸ்ஸவில் அப்பாவின் கெசட் பாடியது.

நான்காம் நாள் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். என்னையும் அம்மாவையும் தவிர ஊரே வந்து போயிருந்தது. நிர்வாகப் பக்கம் எங்கே, வேர்ட்பிரஸ் இருக்கிறதா, கடவுச்சொல் கோப்பு ஏதும் தவறிக் கிடக்கிறதா என்று வரிசையாகத் தட்டிப் பார்த்த தடங்கள். இங்கே சீகிரியாக் குன்றின் பாதி உயரத்தில் கண்ணாடிச் சுவர் இருக்கிறது. குன்றைக் கோட்டையாக்கிய அரசன் காசியப்பன் போன பிறகு பல நூற்றாண்டுகளாக ஏறி வந்தவர்கள் அதில் தங்கள் வியப்பைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். செனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956இல் நூலாக்கினார். அந்தச் சுவரில் எழுதியவர்கள் குன்றில் தீட்டிய ஓவியப் பெண்களைப் பார்க்க வந்தவர்கள். என் பதிவேட்டில் எழுதியவர்களோ எதையும் பார்க்க வரவில்லை. எந்தக் கதவு ஆடுகிறது என்று தள்ளிப் பார்க்க வந்த இயந்திரங்கள்.

என்னை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதில் மர்மம் இல்லை. சான்றிதழ் வாங்கிய கணத்திலேயே அந்தப் பெயர் யாரும் படிக்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடுகிறது. மோசடிச் சான்றிதழ்களைப் பிடிப்பதற்காக ஏற்பட்ட நல்ல ஏற்பாடு அது. 'யாருக்கும் தெரியாத பெயர் வைத்திருக்கிறேன்' என்ற நிம்மதி அத்தோடு போயிற்று. பெயரே இல்லாவிட்டாலும் தப்ப முடியாது. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, வேகமான இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் முக்கால் மணி நேரத்துக்குள் தட்டி முடித்துவிடும். மாத்தளையின் ஒரு ஒழுங்கையில் இருக்கிறோம், நம்மை யார் தேடப் போகிறார்கள் என்ற எண்ணம் வீதிக்குப் பொருந்தும், இணையத்துக்குப் பொருந்தாது.

இந்த வழியின் பலத்தையும் சொல்லத்தான் வேண்டும். நடுவில் எந்தக் கம்பனியும் இல்லை, மாதக் கட்டணம் இல்லை. டொரன்டோவில் இருக்கும் சித்தி வீட்டு டிவியிலும் முகவரியைப் போட்டால் போதும், தேர் ஓடும். பிழை வேறிடத்தில் இருக்கிறது. திறந்து வைத்த கதவுக்கு நிரந்தரக் காவலாளி வேண்டும். ஜெல்லிஃபினின் ஒவ்வொரு திருத்தப் பதிப்பும் வந்தவுடன் ஏற்ற வேண்டும். 2018 டிசம்பரில் எம்பி என்ற அதே வகை மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது பிரிந்து வந்த தன்னார்வலர்களின் ஆக்கம் அது. தங்கள் குறைகளை அவர்களே பொதுவெளியில் பட்டியலிட்டிருக்கிறார்கள். சில உள்முகவரிகள் கடவுச்சொல் கேட்காமலே பதில் தரக்கூடும் என்பதும் அதில் உண்டு. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதே பட்டியலைத் தட்டுகிறவனும் படிக்கிறான்.

பெரிய மீன்களைத்தான் வலை தேடும் என்பதும் பொய். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று இரண்டு பணப்பறிப்பு அலைகள் கியூனாப் கம்பனியின் சேமிப்புப் பெட்டிகளைத் தாக்கின. இணையத்துக்கு முகம் காட்டிக்கொண்டிருந்த வீட்டுப் பெட்டிகளும் சிறு கடைப் பெட்டிகளும் அதில் அகப்பட்டன. கோப்புகளைப் பூட்டிவிட்டு முந்தையது 0.01 பிட்காயினும் பிந்தையது 0.03 பிட்காயினும் கேட்டன. டெட்போல்டின்போது கியூனாப் தன் வாடிக்கையாளருக்குச் சொன்ன முதல் அறிவுரை, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை நிறுத்துங்கள், யூபிஎன்பியை அணையுங்கள் என்பது. யூபிஎன்பி என்பது வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலே ரவுட்டரிடம் கதவு திறக்கச் சொல்ல விடும் வசதி. உங்கள் வீட்டிலும் அது இப்போது இயங்கிக்கொண்டிருக்கலாம்.

பெரிய மீன் கதை இன்னும் பாடம் நிறைந்தது. லாஸ்ட்பாஸ் கடவுச்சொற்களைப் பூட்டி வைப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம். 2022இல் அதன் வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல்கள் களவு போயின. அந்த நகல்களுக்கான சாவிகளை எட்டக்கூடியவர்கள் நான்கே பொறியாளர்கள். அவர்களில் ஒருவருடைய வீட்டுக் கணினி வழியாகவே திருடர்கள் நுழைந்தார்கள். அந்தக் கணினியில் இருந்தது பிளெக்ஸ், நம் ஜெல்லிஃபினின் பங்காளி, வீட்டில் படம் பார்க்கும் மென்பொருள். அதிலிருந்த ஓட்டையை பிளெக்ஸ் 2020 மே மாதமே அடைத்துவிட்டது. பொறியாளர் புதுப்பிக்கவில்லை, ஏறத்தாழ 75 பதிப்புகள் பின்தங்கியிருந்தார் என்று பிளெக்ஸ் பின்னர் கணக்குச் சொன்னது.

எனக்குக் காசியப்பன் ஞாபகம் வந்தது, தினமும் அவன் குன்றைப் பார்த்துக்கொண்டிருப்பதால். தகப்பனைக் கொன்று பட்டத்துக்கு வந்தவன், தம்பி முகலன் இந்தியாவிலிருந்து படையோடு திரும்புவான் என்று அஞ்சிப் பதினெட்டு ஆண்டு இந்தக் கோட்டையில் இருந்தான். மேற்கே அகழியும் மதிலும். மேலே ஏறுவதற்குச் சிங்கத்தின் பாதங்களுக்கு நடுவே ஒடுங்கிய ஒற்றைப் படிவழி. 495இல் தம்பி வந்தபோது காசியப்பன் கீழே இறங்கிச் சமவெளியில் போரிட்டான். சதுப்பைக் கண்டு அவன் யானை திரும்பியதைப் பின்வாங்கல் என்று நினைத்துப் படை கலைந்தது என்கிறது சூளவம்சம். மதிலை எவரும் உடைக்கவில்லை. லாஸ்ட்பாஸின் மதிலையும் எவரும் உடைக்கவில்லை. படம் பார்க்கிற கணினியில் விட்ட சோம்பல் போதுமானதாக இருந்தது. உவமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். காசியப்பனுக்குப் புதுப்பிப்பு அறிவித்தல் எதுவும் வரவில்லை, அந்தப் பொறியாளருக்கு வந்துகொண்டே இருந்தது.

நான் கதவைச் சாத்தியது அறிவினால் மட்டும் என்று சொன்னால் அது பொய். வீட்டில் கம்பி இணைப்புப் பழுதாகி, அம்மா அலைய முடியாமல் சிம் போட்ட 4ஜி ரவுட்டருக்கு மாறிவிட்டார். அத்தோடு என் கதவு தானாக மறைந்தது. ஐபிவி4 முகவரிகள் தட்டுப்பாடானதால் மொபைல் கம்பனிகள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன, சிஜிநாட் என்பார்கள். தொடர்மாடி ஒன்றுக்குத் தெருவில் ஒரே தபால்பெட்டி இருப்பது போல. ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் நீங்களும் அந்த மாடியில்தான் இருக்கிறீர்கள். 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய வரிசை அது. அந்த நிலையில் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து ஒரு குருவியும் வராது. இதைப் பலர் சாபமாகப் பேசுகிறார்கள். வீட்டில் அம்மா மட்டும் இருக்கிறவனுக்கு இது பாதி வரம் என்பேன்.

மீதி வழி விபிஎன். இந்தச் சொல்லுக்கு இலங்கையில் ஒரு தனி வரலாறு உண்டு. 2018 மார்ச் திகன வன்முறை, 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள், 2022 ஏப்ரல் அவசரகாலம் என்று அரசு சமூக ஊடகங்களை முடக்கிய ஒவ்வொரு தடவையும் நாடே ஒரு இலவச விபிஎன் ஆப்பை இறக்கியது. அதனால் விபிஎன் என்றால் பூட்டிய பேஸ்புக்கைத் திறக்கும் கள்ளச்சாவி என்றே பலர் மனத்தில் பதிந்திருக்கிறது. விடுதி முதலாளி என் போனில் விபிஎன் ஓடும்போது காட்டும் சாவிக்குறியைப் பார்த்துவிட்டு, 'இப்ப எத மூடியிருக்காங்க தம்பி?' என்று கேட்டார். அந்த ஆப்புகள் உங்கள் போக்குவரத்தை முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வழியாக வெளியே அனுப்புகின்றன. நான் சொல்லும் விபிஎன் உங்கள் போனை உங்கள் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் விடுகிறது. பெயர் ஒன்று, திசை நேர் எதிர். இந்தக் குழப்பத்தில் வீட்டுப் பெட்டிக்குப் பாதுகாப்பு என்று நினைத்து இலவச ஆப்பைப் போட்டுக்கொண்டவர்களையும் எனக்குத் தெரியும்.

இந்த இரண்டாம் வகைக்கு இன்று அடித்தளம் வயர்கார்ட். ஜேசன் டொனன்ஃபெல்ட் எழுதியது. 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கருவிலேயே சேர்ந்தது. ஏறத்தாழ 4000 வரி நிரல்தான், ஒருவர் உட்கார்ந்து படித்து முடிக்கலாம். தெரியாத சாவியோடு வருகிறவனுக்கு அது பதிலே சொல்லாது என்பது எனக்குப் பிடித்த குணம். தட்டுகிறவன் இங்கே ஒரு கதவு இருக்கிறது என்பதையே அறியமாட்டான். ஆனால் வெறும் வயர்கார்டும் சிஜிநாட்டுக்குப் பின்னால் தோற்றுப்போகும். யாராவது ஒருவர் வெளியில் தெரிய வேண்டும். அந்த இடத்தில்தான் டெயில்ஸ்கேல் என்ற சேவை வருகிறது. மாத்தளைப் பெட்டியும் கிம்பிஸ்ஸ போனும் வெளிநோக்கி அதன் ஒருங்கிணைப்புச் சேவையகத்தை அழைக்கின்றன. அது இருவருக்கும் மற்றவர் இருக்குமிடத்தைச் சொல்லி, தனித்தனியே உள்ளிருந்து கதவைத் தள்ள வைக்கிறது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் தள்ளினால் நேரடி வழி பிறக்கிறது. ரவுட்டரில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை.

விடுதியில் இருப்பவனுக்கு இதில் எதிர்பாராத லாபம் ஒன்று. மாத்தளை வீட்டு ரவுட்டரும் விடுதி ரவுட்டரும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே 192.168.1 என்ற ஒரே உள்முகவரியைப் பங்கிடுகின்றன. பழைய பாணி விபிஎன்னில் நான் வீட்டுக் கணினியைக் கூப்பிட்டால் விடுதி பிரிண்டர் 'என்ன?' என்று கேட்கும். டெயில்ஸ்கேல் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தருவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அந்த முகவரிகளும் மேலே சொன்ன அதே 100.64 வரிசையிலிருந்து எடுத்தவை என்பது ஒரு வேடிக்கை.

ஆனாலும் இதைப் போற்றி எழுதுகிறவர்கள் விழுங்கிவிடும் குறைகள் உண்டு. முதலாவது நம்பிக்கை. பாட்டு யார் கண்ணுக்கும் படாமல் பூட்டியே போகிறது, அது உண்மை. ஆனால் எந்தக் கருவி உங்கள் வலைக்குள் அனுமதி பெற்றது என்ற பெயர்ப்பட்டியலை வைத்திருப்பது வெளிநாட்டுக் கம்பனி ஒன்று. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கிறவன் வீட்டுக்குள் வருவான். புதுக் கருவிக்கு நம்முடைய கருவி ஒன்றே கையெழுத்திட வேண்டும் என்று பூட்டும் வசதி தருகிறார்கள். ஹெட்ஸ்கேல் என்ற திறந்த மென்பொருளால் பட்டியலை நாமே வைத்துக்கொள்ளவும் முடியும். அதற்கு எங்காவது ஒரு சேவையகத்தை வாடகைக்கு எடுத்துப் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும், அதாவது நான் ஓடிவந்த காவலாளி வேலைக்கே திரும்ப வேண்டும். அந்த வலைக்கு நீங்கள் நுழைவது உங்கள் மின்னஞ்சல் கணக்கு வழியாக என்பதையும் மறக்கக்கூடாது. அந்தக் கணக்குக்கு இரண்டாம் பூட்டு இல்லையென்றால் மேலே எழுதியதெல்லாம் வீண்.

இரண்டாவது, நேரடி வழி எப்போதும் பிறப்பதில்லை. சில வைஃபைகள் அதற்குத் தேவையான யூடிபி போக்குவரத்தை அடைத்துவிடும். சிஜிநாட் சில வேளை முரண்டு பிடிக்கும். அப்போது டெயில்ஸ்கேலின் இடைநிலையம் ஒன்றின் வழியாகப் போகும். அறுபது கிலோமீட்டரில் இருக்கும் அப்பாவின் குரல் கடல்தாண்டிப் பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்த் திரும்பி வருகிறது. பாட்டுக்கு அது போதும். தேர் வீடியோ திக்கும்.

மூன்றாவது குறைதான் எனக்கு வலித்தது. சித்தியின் டிவியில் டெயில்ஸ்கேல் ஆப் ஓடவில்லை, பழைய டிவி. போனில் போட்டுக் கொடுத்தோம். அது எதற்கென்று பேரப்பிள்ளை கேட்க, சித்தி அதை அழித்துவிட்டார். திறந்த கதவில் அவர் தேரைப் பார்த்தார், பூட்டிய வழியில் பார்க்கவில்லை. பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தோல்வியைத் தோல்விக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிளவுட்ஃப்ளேர் தரும் சுரங்கம் இலவசம், சிஜிநாட்டையும் தாண்டும், சித்தி டிவியிலும் திறக்கும். ஆனால் பூட்டு கிளவுட்ஃப்ளேரின் கணினியில் திறந்து மறுபடி பூட்டப்படுகிறது, உள்ளே போவது அவர்களுக்குத் தெரியும். தவிர, அந்த வழியாகப் பெருமளவில் வீடியோ கடத்துவதை அவர்கள் விதிகள் ஏற்பதில்லை. விதியை மீறி ஓடும்வரை ஓடட்டும் என்று கட்டிய வசதி ஒருநாள் சொல்லாமல் நிற்கும். பிளெக்ஸ் வழி மிக இலகுவாக இருந்தது. 2025 ஏப்ரல் 29 முதல் சொந்த வீட்டுக் கோப்பை வெளியிலிருந்து பார்ப்பதற்கும் சந்தா கேட்கிறார்கள். 2022இலும் 2025இலும் பயனர் விவரங்கள் கசிந்து எல்லோரையும் கடவுச்சொல் மாற்றச் சொல்ல வேண்டியும் வந்தது.

இனி அடிப்படைக் கேள்வி: இதெல்லாம் தேவைதானா? இரண்டு மணி நேரப் படம், நொடிக்கு 8 மெகாபிட் என்றால் 7.2 ஜிகாபைட். அளந்து வாங்கும் டேட்டாவில் அது இரண்டு தடவை கழியும், மாத்தளையிலிருந்து ஏறும்போது ஒன்று, கிம்பிஸ்ஸவில் இறங்கும்போது ஒன்று. 2 மெகாபிட்டுக்குக் குறைத்து அனுப்பினால் 1.8 ஜிகாபைட், அதற்கு உடனுக்குடன் மாற்றிச் சுருக்கும் வன்பொருள் வேண்டும். பழைய மடிக்கணினியின் இன்டெல் சிப்பில் அது இருக்கிறது. எல்லோரும் புகழும் ராஸ்பெரி பை 5 என்ற சிறு கணினியில் வீடியோவைச் சுருக்கும் வன்பொருளே கிடையாது. மடிக்கணினியின் இன்னொரு சொத்து அதன் பாட்டரி. 2022 மார்ச்சில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில், 2025 பிப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்து முழுத் தீவும் இருண்ட நாட்டில், அது சின்ன விஷயமில்லை. 15 வாட் என்று வைத்தால் மாதம் 11 யூனிட் கரண்ட். அம்மா அதைக் கணக்கில் சேர்க்கிறார், ஆனால் கேட்பதில்லை.

பாட்டின் கணக்கு வேறு. ஐந்து நிமிடப் பாட்டு 12 மெகாபைட். அப்பாவின் நாற்பது கெசட்டும் சேர்ந்தாலும் ஒரு நகத்தளவு மெமரி கார்டில் ஒரு மூலை நிரம்பாது. இதை உணர எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. அன்றே அத்தனையையும் போனில் இறக்கிக்கொண்டேன். இரவுப் பணியில் இப்போது கேட்பது அதைத்தான். தொலைவழி எனக்கு மிஞ்சியது தேர் வீடியோக்களுக்கும், ஊருக்குப் போகாமலே பெட்டியைப் புதுப்பிப்பதற்கும். புதுப்பிப்பதே பெரிது. போர்ட் திறந்திருந்த காலத்தில் அவசரமாகச் செய்ய வேண்டிய அந்த வேலையை இப்போது ஞாயிறு மத்தியானம் தேநீரோடு செய்கிறேன், ஒரு வாரம் தவறினாலும் தூக்கம் கெடுவதில்லை. எடை போட்டால், பூட்டிய வலையின் உண்மையான பலம் இந்த அவகாசம்தான். காவலாளியின் அயர்வை அது மன்னிக்கிறது.

எட்டுவதையும் காப்பதையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு வழுக்கல். எங்கிருந்தும் பார்க்க முடிகிறது என்பதால் கோப்பு பத்திரம் என்று தோன்றும்; வட்டு ஒன்றுதான், அது செத்தால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் போய்விடும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த தேசத்தில் இதை விளக்கத் தேவையில்லை. தேர் வீடியோக்களுக்கு இரண்டாவது வட்டு ஒன்று மாமா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. சித்திக்கு ஒரு பென்டிரைவ் அனுப்பினேன், கனடா போகிறவர் கையில். அவர் டிவியில் குத்தியவுடன் ஓடிற்று.

ஒரு விஷயம் பாக்கி. டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு கருவியின் சாவியும், மாற்றாவிட்டால், 180 நாளில் காலாவதியாகும். முதல் தடவை அது தெரியாமல் ஒருநாள் பெட்டி காணாமல் போயிற்று. அம்மாவுக்கு எடுத்தேன். 'லைட் எல்லாம் எரியுது தம்பி, பெட்டி நல்லாத்தான் இருக்கு' என்றார். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அப்போது எனக்குத் தெரிந்தவரை, திரும்ப உள்நுழைய விசைப்பலகையும் திரையுமாக ஒரு ஆள் பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டும். அடுத்த லீவு வரை அது அப்படியே கிடந்தது. போனதும் மாத்தளைப் பெட்டிக்கு மட்டும் காலாவதியை நிறுத்தினேன். போனுக்கு நிறுத்தவில்லை. தம்புள்ளை பஸ்ஸில் தொலையக்கூடியது போன். சாமி அறைக்குப் பக்கத்திலிருந்து பெட்டியைத் தூக்க வேண்டுமானால் அம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டும்.